தண்ணீர் மோட்டார் ஓடவில்லை

பிப்ரவரி 6, செவ்வாய். தூத்துக்குடி

இது போன வருடத்து டைரி. தீப்பெட்டிக் கம்பெனிக்காரர் என் மனைவி கித்தேரிக்குக் கொடுத்தது, வீட்டில் சும்மா கிடந்தது. அச்சடித்த கிழமை பொருந்தாது. அதை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். எஞ்சின் லாக் புத்தகத்தில் எஞ்சின் சமாசாரம் மட்டும்தான் எழுத வேண்டும். மீதிக்கு இது.

நாளை விடியற்காலை மாலேக்குப் புறப்படுகிறோம். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி. தோணியில் எட்டுப் பேர். தலைவர் தண்டல் தஸ்நேவிஸ். சுக்கானும் கடலும் அவர் பாடு. எஞ்சின், லைட்டு, மோட்டார் எல்லாம் டிரைவராகிய என் பாடு.

தண்ணீர் டேங்க் நிரப்பியாயிற்று. இரண்டாயிரம் லிட்டர். நாலு நாள் ஓட்டம், அங்கே போய் சரக்கு இறக்க ஒரு வாரம் காத்துக் கிடந்தாலும் எட்டுப் பேருக்குத் தாராளம். இந்த நடைக்கு முதலாளி புது ஏற்பாடு செய்திருக்கிறார். சமையல் கட்டின் பலகைக்கு அடியில் சின்ன மோட்டார். குழாயைத் திறந்தால் தானே ஓடும், மூடினால் தானே நிற்கும். சமையல் கட்டில் மட்டும்தான் குழாய் வைத்திருந்தார்கள். குளியலறையிலும் வேண்டும் என்று எல்லோரும் கேட்டதால் எஞ்சின் ரூம் வழியாக நானே ஒரு ஹோஸ் இழுத்துவிட்டேன். இணைப்புக்குக் கிளிப்பு தேடவில்லை. சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றி, மேலே கம்பி முறுக்கினேன். தோணி உடைந்தாலும் அந்தக் கட்டு அவிழாது.

போன வாரம் உடம்புப் பரிசோதனை. டாக்டர் முணுமுணுக்கிற ரகம், அதுவும் முதுகுக்குப் பின்னால் நின்று. கித்தேரியின் தம்பிக்கு வேண்டியவர் என்பதால் காகிதம் கிடைத்துவிட்டது. மார்ச்சிலிருந்து மெஷின் வைத்துக் காதைச் சோதிக்கப் போகிறார்களாம், தேறாதவனுக்கு டிரைவர் வேலை கிடையாதாம். சோதிக்கட்டும். முப்பத்தொரு வருடம் எஞ்சின் பக்கத்தில் நின்றவனுக்குக் கொஞ்சம் மந்தம் இருக்கும். அது காதுக் கோளாறு இல்லை, பழக்கம். வீட்டில்தான் இப்போது யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

பிப்ரவரி 7, புதன்

நாலரைக்கு நங்கூரம் எடுத்தோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது. எண்ணெய் அழுத்தம் சரி, சூடு சரி. ஆயில்மேன் ஜஸ்டஸ் நாற்பது வயது ஆள், வேலை தெரிந்தவன். ஆனால் என்னைக் கூப்பிடுவதற்குப் பதில் தோளைத் தட்டுகிறான். மரியாதை தெரியாத பழக்கம்.

பிப்ரவரி 8, வியாழன்

பண்டாரி மொகுதூம் வந்து நின்றான். சமையல் அவன் பொறுப்பு. குலசேகரப்பட்டினத்துக்காரன், நாற்பத்தெட்டு வயது இருக்கும். ஒரு வருடமாக எந்தத் தோணியிலும் இடம் கிடைக்காமல் இருந்து இந்த நடையில்தான் ஏறியிருக்கிறான்.

"அண்ணாச்சி, குழாயத் தொறந்தா தண்ணி ஒழுங்கா வர மாட்டேங்குது. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வருது."

காற்று வந்தால் மூன்று காரணம். டேங்கில் தண்ணீர் இல்லை, வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சுகிற பக்கம் எங்கோ ஓட்டை. டேங்க் நிறைய இருக்கிறது. பலகையைத் தூக்கி வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே டேங்க் செய்தபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல், கொஞ்சம் கயிற்று நார். கழுவிப் போட்டேன். உறிஞ்சு பக்கம் இருந்த கிளிப்பை அரைச் சுற்று முடுக்கினேன். தண்ணீர் ஒழுங்காக வந்தது.

மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று நான் கையை வைத்துத்தான் பார்ப்பது. காதை நம்புகிறவன் அரை டிரைவர்.

பிப்ரவரி 9, வெள்ளி

நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது. நாலு நாள் ஓட்டம் ஆறு நாள், ஏழு நாள் ஆகும் என்கிறார் தண்டல்.

காலையில் மொகுதூம் எஞ்சின் ரூம் வாசலை மறித்துக்கொண்டு நின்று சொன்னான்: "அண்ணாச்சி, யாரும் குழாயத் தொறக்கல. மோட்டாரு தானா ஓடுது. கொஞ்சம் ஓடுது, நிக்குது, பெறவும் ஓடுது." நேற்றே இரண்டு தடவை சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை. சும்மா சொல்கிறான்.

போய்ப் பார்த்தேன். கையை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது சமையல் கட்டுப் பலகை, சுவர், பாத்திரம் எல்லாம் அதிரும். அந்த அதிர்வுக்குள் மோட்டார் அதிர்வு தனியாகத் தெரியும், பழகின கைக்கு. தெரியவில்லை. ஆகவே ஓடவில்லை.

"ஓடலவே," என்றேன்.

"இப்பம் ஓடுது அண்ணாச்சி."

"அது எஞ்சின்."

அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அரிசியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தானாக ஓடுகிறது என்றால் எங்கோ அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். குழாய் சொட்டும். ஆகவே சமையல் கட்டுக் குழாயின் வாஷரை மாற்றினேன். குளியலறைக் குழாய் வாஷரையும் மாற்றினேன். இரண்டும் நல்ல வாஷர்தான், இருந்தாலும் மாற்றினேன். ஹோஸ் இணைப்பைப் பார்க்கவில்லை. அது என் கட்டு.

மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். தண்டல் முதலாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "நல்ல கம்பெனி மோட்டாரா வாங்கும்னு அவருட்ட எத்தன வாட்டி சொல்ல. செவிடன் காதுல ஊதுன சங்கு," என்றார். அதற்கு அப்புறம் யாரும் பேசவில்லை, எல்லோரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீலா மீன் குழம்பு. நன்றாக இருந்தது.

பிப்ரவரி 10, சனி

அடித்தண்ணீர் அதிகமாக இருக்கிறது. மரத்தோணி என்றால் அடியில் தண்ணீர் கசியத்தான் செய்யும். அதற்கென்று தனி மோட்டார் இருக்கிறது, தண்ணீர் ஏறினால் தானே இறைத்துக் கடலில் விடும். இன்று அடிக்கடி இறைக்கிறது. பழைய டிரைவர்கள் அடித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்பாக இருந்தால் தோணி கசிகிறது, இல்லாவிட்டால் வேறு. நான் வைத்துப் பார்க்கவில்லை. சரக்கு அதிகம் ஏற்றினால் கசியாமல் என்ன செய்யும்.

பாட்டரி மீட்டர் முள்ளும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் இறங்கி நிற்கிறது. ஏதோ ஒன்று கரண்டு எடுக்கிறது. வயர்லெஸ்ஸாக இருக்கும்.

பத்து மணிக்கு டேங்குக்குள் மூங்கில் கம்பை விட்டு அளந்தேன். பாதிக்கும் கீழே இருக்கிறது. மூன்று நாளில் இப்படி இறங்க வழியே இல்லை. குளிப்பது கடல் தண்ணீரில், குளியலறைக் குழாய் கடைசியில் உப்பை அலச மட்டும். துணி துவைப்பது கடல் தண்ணீரில். அரிசி களைவதும் முதல் இரண்டு தண்ணீர் கடல் தண்ணீர், கடைசித் தண்ணீர்தான் நல்ல தண்ணீர்.

தண்டலிடம் சொன்னேன். "யாருவே இவ்வளவு தண்ணி குடிக்கது?" என்றார்.

குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவன் ஒருத்தன்தான் என்றேன். ஐந்து நேரம் தொழுகிறான், ஐந்து நேரமும் கை கால் முகம் கழுவுகிறான் என்றும் சொன்னேன். நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அவன் ஈரக் கையோடு வருவதைப் பலதடவை பார்த்திருக்கிறேன்.

தண்டல் மொகுதூமைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் கோபப்படவில்லை. "ஒளு எடுக்கது கடல் தண்ணியிலதான் தண்டலே. வாளியக் கயித்துல கட்டி பின்பக்கம் மோந்துக்கிடுவேன். கடல் தண்ணி அதுக்குக் கூடும். தண்ணி கொறையுதுன்னா மோட்டாரப் பாக்கச் சொல்லுங்க. பகலு பூரா ஓடுது."

தண்டல் என்னைப் பார்த்தார். "மோட்டார் ஓடல," என்றேன். "கைய வச்சுப் பாத்துட்டேன்."

ஒருவனுடைய வேலையில் இன்னொருவன் வாக்கு எடுபடாது. தோணியில் அதுதான் வழக்கம். எஞ்சின் பக்கத்துக் காரியத்தில் டிரைவர் சொன்னால் தண்டலே கேட்டுக்கொள்வார். சமையல் கட்டு, குளியலறை இரண்டு குழாயையும் கம்பி போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினேன். இனி ஜஸ்டஸ் வந்து அவிழ்த்துவிட்டால்தான் தண்ணீர்.

பிப்ரவரி 11, ஞாயிறு

டேங்க் காலி.

காலை எட்டு மணிக்கு ஜஸ்டஸ் கம்பியை அவிழ்த்துக் குழாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மூங்கிலை விட்டேன், அடி தட்டியது. நுனி மட்டும் ஈரம்.

கட்டிப்போட்ட குழாயில் தண்ணீர் எப்படிப் போகும் என்று தண்டல் கேட்டார். கம்பியை அவிழ்த்துக் கட்ட யாருக்குத்தான் தெரியாது என்றேன். அவர் மொகுதூம் பக்கம் திரும்பினார். என் நாற்பது நாள் பழக்கத்தில் தண்டல் இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எனக்கே தெளிவாகக் கேட்டது.

இருப்பது இருபது லிட்டர் கேன் நாலு. ஆபத்துக்கென்று மேல்தளத்தில் கட்டி வைத்தது. எண்பது லிட்டர், எட்டுப் பேர், இன்னும் மூன்று நாளோ நாலு நாளோ. மேகம் இல்லை. வெயில் பலகையில் கால் வைக்க விடவில்லை. வயர்லெஸ்ஸில் தண்டல் கூப்பிட்டுப் பார்த்தார். எட்டும் தூரத்தில் கப்பல் இல்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் என்று தண்டல் பங்கு வைத்தார். பண்டாரிக்கு மூன்று. "செலவழிச்சவன் கொஞ்சம் காயட்டும்," என்றார். மாலே போய்ச் சேர்ந்ததும் அவனை இறக்கிவிடப்போகிறாராம், அவன் கடலோடிப் புத்தகத்தில் குறிப்பும் எழுதுவாராம். தண்டல் கையால் அப்படி ஒரு குறிப்பு விழுந்தவனைத் தூத்துக்குடியில் எந்தத் தோணியும் ஏற்றாது. மொகுதூமுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

மொகுதூம் மூன்று டம்ளரையும் ஒரு பாட்டிலில் ஊற்றி மூடி வைத்துக்கொண்டான். என்னிடம் வந்து நேருக்கு நேர் நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்: "அண்ணாச்சி, அது இன்னும் ஓடுது. தண்ணி இல்லாம ஓடுது. சுவிச்சயாவது அமத்துங்க. மோட்டாரு வெந்துரும்."

"வேலையப் பாரும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. செபமாலை சொல்லிவிட்டுப் படுத்தேன்.

பிப்ரவரி 12, திங்கள்

பதினொரு மணிக்குத் தோணியைத் தள்ளும் அடி விசிறியில் அறுந்த வலை சுற்றிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தினேன். ஜஸ்டஸும் இன்னும் இரண்டு பேரும் கத்தியோடு கடலில் இறங்கினார்கள். தண்டல் மேலே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று சமையல் கட்டுக்குப் போனேன். மொகுதூம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். பலகையைத் தூக்கிக் கையை வைத்தேன்.

சுட்டது. எஞ்சின் நின்றிருந்தது, பலகை நின்றிருந்தது, சட்டி பானை எல்லாம் நின்றிருந்தது. மோட்டார் மட்டும் என் உள்ளங்கைக்கு அடியில் அதிர்ந்துகொண்டிருந்தது.

மொகுதூமைப் பார்த்தேன். அவன் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் மேல் காதை வைத்தேன். வலது காது, அப்புறம் இடது காது. சூடு தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

சுவிட்சை அணைத்தேன்.

எஞ்சின் ரூமுக்குப் போய் ஹோஸைத் தடவிக்கொண்டே போனேன். புகைக்குழாய்க்குப் பின்னால் என் கட்டு. சூட்டில் டியூப் இளகிக் களிம்பாகியிருந்தது. கம்பி தளர்ந்து, ஹோஸ் வாய் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. முதலில் சொட்டியிருக்கும், பிறகு கொட்டியிருக்கும். ஆயிரத்துச் சொச்சம் லிட்டரும் தோணியின் அடிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மோட்டார் இறைத்துக் கடலுக்குப் போயிருக்கிறது. இரண்டு மோட்டாரும் அதனதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன.

அடித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். டீசல் வாடை அடித்தது. உப்பு இல்லை.

கிளிப்பு இருந்தது. டப்பாவில் ஏழெட்டு இருந்தது. ஒன்றை எடுத்துப் போட்டு முடுக்கினேன். பழைய டியூபைக் கம்பியோடு சுருட்டிப் பையில் வைத்து, அப்புறம் கடலில் போட்டேன். ஆயில் டின்னை அந்த இடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு எஞ்சின் ஓடியது.

லாக் புத்தகத்தில் எழுதியது: தண்ணீர் மோட்டார் சோதிக்கப்பட்டது. பழுது இல்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

எஞ்சின் சூடு சரி. எண்ணெய் சரி.

மொகுதூமின் உதடு வெடித்திருக்கிறது. அடுப்புப் பக்கம் நிற்பவனுக்கு மற்றவர்களைவிடத் தாகம் அதிகம் எடுக்கும். பாதிக் கடல் தண்ணீர் கலந்து சோறு வடிக்கிறான். அதைத் தின்றால் இன்னும் தாகம் எடுக்கிறது. யாரும் அவனோடு பேசுவதில்லை. ஜஸ்டஸ்கூட அவன் கையால் டீ வேண்டாம் என்றுவிட்டான். டீயே இல்லை என்பது வேறு விஷயம்.

என் பங்கில் இரண்டு டம்ளரை அவன் பலகையில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு அவ்வளவு தாகம் இல்லை. திரும்பிப் போனபோது அந்தத் தண்ணீரில் எல்லோருக்குமாக ரசம் வைத்திருந்தான்.

எத்தனை தடவை சொன்னான் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து நாலு. எனக்குத் தெரியாமல் எத்தனையோ.

இதை வேறு மாதிரியும் பார்க்கலாம். அவனுக்குச் சமையல் தெரியும். கரையில் ஓட்டல் இருக்கிறது, கல்யாண வீடு இருக்கிறது. எனக்கு ஐம்பத்தேழு வயது. எஞ்சினை விட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. இன்று முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க நியாயமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன். மாலே

சாம்பல் புதன். பூசை இல்லை.

காலை ஒன்பதரைக்கு வெளித்துறையில் நங்கூரம் போட்டோம். கேனில் மிச்சம் நாலு லிட்டர் இருந்தது. தண்ணீர்ப் படகு பக்கத்தில் வந்து கட்டியது. எல்லோரும் வயிறு முட்டக் குடித்தோம். டேங்கில் தண்ணீர் ஏறியது. குழாயைத் திறந்தால் வந்தது, மூடினால் நின்றது. இப்போது மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

பதினொரு மணிக்குத் தண்டல் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டதாக ஜஸ்டஸ் தோளைத் தட்டிச் சொன்னான். மேல்தளத்தில் பெட்டி மேல் காகிதம் எழுதி வைத்திருந்தார். பண்டாரி மொகுதூம் குடிதண்ணீரை வீணடித்து எட்டுப் பேர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று. தண்டல் கையெழுத்துக்குக் கீழே டிரைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. புத்தகத்தில் குறிப்பு எழுத இரண்டு கையெழுத்து வேண்டும்.

மொகுதூம் பையோடு ஏணிப் பக்கம் நின்றான். சட்டை துவைத்துப் போட்டிருந்தான், கடல் தண்ணீரில்தான். உப்புப் பூத்திருந்தது.

பேனாவை வாங்கிக் குனிந்தேன். என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டிருப்பேன்; பேனா எழுதவில்லை. உதறினேன். உதறிவிட்டு நிமிர்ந்தபோது மொகுதூம் நின்றிருந்தது கண்ணில் பட்டது. என்னிடமிருந்து அவன் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை, அவன்பாட்டுக்குத் தண்ணீர்ப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தண்டலே, அவன் இல்ல," என்றேன்.

"என்னவே?"

சொன்னேன். ஹோஸ் இணைப்பு. டியூப் கட்டு. கழன்று கொட்டியது. திங்கட்கிழமை கண்டுபிடித்தது, மூடி மறைத்தது. லாக்கில் பொய் எழுதியது. "மோட்டார் ஓடுன சத்தம் எனக்குக் கேக்கல. இப்பமும் கேக்காது. அவன் சொன்னான், நான்தான் இல்லன்னேன்." இவ்வளவையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். சொல்லி முடித்ததும் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

தண்டல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பிடிக் கட்டையைப் பிடித்து ஊர்ப் பக்கம் பார்த்து நின்றார். கட்டடங்கள், வெயில். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனா கையில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அரை நிமிடம் இருக்கலாம்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது, கோபம் என்றும் சொல்ல முடியாது.

"மாட்டீரா?" என்று கேட்டார். உதட்டில் தெரிந்தது.

எதைக் கேட்கிறார் என்று விளங்கவில்லை. கையெழுத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "மாட்டேன்," என்றேன்.

காகிதத்தை நாலாகக் கிழித்துக் கடலில் போட்டார். பெட்டியிலிருந்து வேறு காகிதம் எடுத்து எழுதினார். எழுதும்போது ஒரு தடவைகூட நிமிரவில்லை. டிரைவர் இஞ்ஞாசி மச்சாது செவித்திறன் இன்மையாலும் கவனக்குறைவாலும் என்று ஆரம்பித்தது. தண்டலுக்கு எழுத்து அழகு. கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் நடையில் எஞ்சினை ஜஸ்டஸ் ஓட்டுவான். நான் சாதாரண ஆளாக வரலாம்.

பிப்ரவரி 15, வியாழன். மாலே

லாக் புத்தகத்தில் திங்கட்கிழமை எழுதியதை அடித்து, நடந்ததை எழுதினேன். பிறகு ஜஸ்டஸிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். டீசல் ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும், எந்தப் போல்ட்டை இரண்டு நாளுக்கு ஒருதரம் முடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

காலையிலிருந்து எனக்கு வேலை இல்லை. செங்கல் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு மொகுதூம் டீ கொண்டுவந்தான். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. எதிரே, என் முகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான்.

மன்னிப்புக் கேட்டேன். ஒளுத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதற்கும் சேர்த்துக் கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூணு நாளு உங்கமேல எனக்கு இருந்த ஆத்திரம் அல்லாவுக்குத்தான் தெரியும் அண்ணாச்சி. ஒங்களுக்குக் கேக்கலன்னு எனக்கு மொத நாளே தெரியும். தண்டல்ட்ட அதச் சொல்லிருக்கலாம். ஒருத்தன் கொறையச் சொல்லியா நம்ம தப்பிக்கணும், அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். நீங்க சொல்லல. திங்கக்கெழம நீங்க கையக் கழுவிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி போனியல்லா, அன்னைக்கு விட்டுட்டேன்."

டீயை ஒரு மடக்குக் குடித்தேன்.

"ஆனா நேத்து மறந்துட்டேன் எல்லாத்தையும்," என்றான். "தண்டல் ஊர்ப் பக்கம் பாத்துக்கிட்டு அப்படிச் சொன்ன பெறவும் நீங்க அந்த எடத்த விட்டு நகரலல்லா. நான் ஏணியில கால வச்சிட்டேன். முடிஞ்சிது நம்ம கதைன்னு."

"என்ன சொன்னாரு," என்று கேட்கப் போய், நிறுத்திக்கொண்டேன். அவனே சொன்னான், தண்டல் குரலை நடித்துக்கொண்டு:

"'இத நீரு சொல்லல, நான் கேக்கல. நம்ம ஆளு நீரு. கையெழுத்தப் போட்டுட்டு எஞ்சினப் பாக்கப் போவும்.' அப்படித்தான சொன்னாரு. எத்தன பேரு நிப்பான் அண்ணாச்சி, அதக் கேட்டுட்டு?"

டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.